தெற்கின் அச்சுத்தடம் – 11: லண்டன் மறந்த மாயாவி

சென்ற இதழைச் சிவகாசியின் தீப்பெட்டி லேபிளோடு நிறுத்தியிருந்தோம். 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழில் காலூன்றியது. பெட்டியில் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சகம் வந்தது. பின்னாலேயே பட்டாசு உறை, காலண்டர், வாழ்த்து அட்டை என்று வண்ண அச்சு அந்த ஊரின் பிழைப்பாகவே ஆயிற்று. அந்த வரிசையில் அடுத்து வந்து நிற்பவன் ஒரு கதாநாயகன். 1972 ஜனவரியில், முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ சிவகாசியிலிருந்து வெளிவந்தது. நிறுவியவர் மு. சௌந்திரபாண்டியன், தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். சிவகாசியிலிருந்து மேற்கே போகும் இருப்புப்பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று ஊர் ஊராய்த் தொட்டுத் தென்காசியில் போய்ச் சேரும். அந்தத் தடத்தில் இருக்கும் ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் மாயாவியை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இருக்காது. ஆனால் அவன் பிறந்த இங்கிலாந்திலோ, அதே வயதுக்காரர்களில் பழைய காமிக்ஸ் சேகரிப்போரைத் தவிர மற்றவர்களுக்கு அவனை நினைவூட்டத்தான் வேண்டியிருக்கும். ஒரே நாயகன், ஒரே ஓவியம், ஒரே கதை. பிறந்த இடத்தில் மறைந்துபோனவன் வந்த இடத்தில் எப்படி நிலைத்தான்? இதற்கான விடை கதையில் இல்லை, பதிப்பில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பிறந்த வீட்டுக் கதை. லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபர் 6 அன்று ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ‘தி ஸ்டீல் க்ளா’ தொடராக ஆரம்பித்தது. எழுதியவர் கென் பல்மர்; பின்னர் டாம் டல்லி பொறுப்பேற்றார். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டேல், விபத்தொன்றில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான்; இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அவன் நல்லவனாகத் தொடங்கவில்லை என்பதுதான். தொடக்கக் கதையில் அவன் புத்தி பேதலித்த குற்றவாளி. பிறகுதான் திருந்தி, ‘நிழற்படை’ என்று தமிழில் வழங்கிய ரகசிய அமைப்பின் உளவாளியானான். விரல்களுக்குள் ஆயுதங்கள் வந்தன. இடையில் சிறிது காலம் அமெரிக்க நாயகர்களைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டது போல ஓர் உடுப்பையும் மாட்டிவிட்டார்கள். அது அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்றே சொல்வேன். எழுபதுகளின் தொடக்கத்தோடு புதுக் கதைகள் நின்றுபோயின. 1976-இல் ‘வேலியண்ட்’ இதழே இன்னோர் இதழோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

அந்த வார இதழ்களின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். ஓர் இதழில் பல கதைகள். ஒவ்வொரு கதைக்கும் இரண்டு, மூன்று பக்கங்கள். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஏதாவது ஓர் ஆபத்தில் தொங்குவான். மீதி அடுத்த வாரம். அடுத்த வார இதழ் வந்ததும் முந்தைய இதழின் வேலை முடிந்தது. படைத்தவர்களின் பெயர்கூடப் பக்கத்தில் இருக்காது. சிறுவர்கள் சில ஆண்டுகளில் வளர்ந்து போய்விடுவார்கள், புதிய சிறுவர்கள் வருவார்கள் என்பதே அந்தத் தொழிலின் கணக்கு. ஆகவே எதையும் சேர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் பதிப்பாளருக்கும் இல்லை, வாசகருக்கும் இல்லை.

சிவகாசியில் நடந்தது இதற்கு நேர் எதிர். முத்து காமிக்ஸ் ஒரு புத்தகத்தில் ஒரு முழுக்கதையைக் கொடுத்தது. ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’, ‘பாதாள நகரம்’ என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சாகசம். எதை முதலில் படித்தாலும் குடிமுழுகிவிடாது. எதைத் தவறவிட்டாலும் மற்றது புரியாமல் போகாது. பார்க்க இது சின்ன வேறுபாடுதான். ஆனால் சரக்கின் தன்மையையே அது மாற்றிவிட்டது. ‘தொடரும்’ என்று முடிகிற இதழை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள், பாதி விலைக்கும் வாங்க மாட்டார்கள். முழுக்கதைப் புத்தகம் அப்படியல்ல. பத்து ஆண்டு கழித்தும் அது புதிதாகப் படிக்கிறவனுக்குப் புதிய புத்தகம்தான். வாடகை நூல்நிலையம், பழைய புத்தகக் கடை, பண்டமாற்று, இரவல் என்று கல்லாவுக்கு வெளியே ஒரு பெரிய சுற்றோட்டம் அதற்கு வாய்த்தது. அந்தக் கால வாடகைப் பிரதி ஒன்றைக் கையில் எடுத்தால் இந்தச் சுற்றோட்டம் கண்ணுக்கே தெரியும். கிழிந்த அட்டைக்கு மேல் பழுப்புத்தாள் போட்டு, முதுகில் துளையிட்டுச் சணல் கோத்து இறுக்கித் தைத்திருப்பார்கள். தையல் ஓரத்துப் படங்களை விழுங்கியிருக்கும். முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும், யாரும் கிழித்துக்கொண்டு போகாதிருக்க நடுவில் ஒரு பக்கத்திலும் கடை முத்திரை ஊதா மையில் விழுந்திருக்கும். புத்தகத்துக்கு இவ்வளவு மராமத்து செய்கிறார்கள் என்றால் அது திரும்பத் திரும்பச் சம்பாதித்துக் கொடுத்தது என்று பொருள்.

உடனே ஒரு மறுப்பு எழும். முழுக்கதைப் புத்தகம் இங்கிலாந்திலும் வந்ததே? வந்தது. 1967-இல் ஃப்ளீட்வே கையடக்கமான நூல்வரிசை ஒன்றைத் தொடங்கி, அதில் இரும்புக்கையின் தனிக்கதைகளை வெளியிட்டது. அது அதிக நாள் நீடிக்கவில்லை. பழைய கதைகளை மறுபதிப்பாகத் தருவதற்கென்றே 1975-இல் ‘வல்கன்’ என்ற வார இதழும் வந்தது. இரும்புக்கை, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி மூவருமே அதில் இருந்தார்கள். அதுவும் அடுத்த ஆண்டே நின்றது. என் வாதத்துக்கு இந்த இரண்டும் இடையூறு அல்ல, துணைதான். அங்கே தனிப்புத்தகம் என்பது வார இதழின் நிழலில் நின்ற துணைச்சரக்கு. மறுபதிப்பும் மறுபடியும் வாரக்கூறுகளாகவே வெட்டித் தரப்பட்டது. இங்கே வார இதழ் என்ற மூலச்சரக்கு யார் கண்ணிலும் படவில்லை. தமிழ் வாசகனைப் பொறுத்தவரை மாயாவி என்றால் புத்தகம். கையில் பிடித்து, முடித்து, அடுக்கிவைக்கக்கூடிய பொருள்.

அடுத்து, இந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த ஊர்களைப் பார்க்க வேண்டும். விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல் திறந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் போகும் மலைப்பாதை அதற்கும் முந்தையது. 1904-இலேயே ஓடத் தொடங்கியது. சிவகாசிக்கும் தென்காசிக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்தான். சென்னையோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். தமிழ்ப் பத்திரிகை என்றால் சென்னையில் அச்சாகித் தெற்கே வருவது என்றிருந்த காலத்தில், தெற்கிலேயே அச்சாகித் தெற்கிலேயே பரவிய வெகுசனப் பொருள்களில் முத்து காமிக்ஸும் ஒன்று. போட்டிக்கும் அதிகம் ஆளில்லை. சென்னையில் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. தென்காசிப் பக்கம் அது வந்து சேர எண்பதுகளின் பிற்பகுதி ஆயிற்று. நகரும் படத்துக்குக் கொட்டகை ஒன்றே கதி. மற்றப் பொழுதுக்கெல்லாம் நகராத படம். குற்றாலத்தில் ஜூன் முதல் சீசன். சாரல் விட்டு விட்டு விழ, அருவியில் தண்ணீர் அதிகமென்று குளிக்கத் தடை போட்டுவிட்டால் குடும்பம் குடும்பமாக அறைக்குள் அடைந்துகிடக்க வேண்டியதுதான். பஸ்ஸிலும் ரயிலிலும் காத்திருப்பிலும் கரைகிற பொழுது இந்த ஊர்களின் பொருளாதாரத்திலேயே கலந்தது. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடும் வழக்கம் அந்தப் பொழுதைக் குறிவைத்ததுதான். காசிவிசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுக் குற்றாலம் பஸ்ஸுக்கு நிற்கிறவர் வார இதழின் ஏழாவது அத்தியாயத்தை வாங்க மாட்டார். தொடங்கி முடிகிற ஒன்றைத்தான் வாங்குவார்.

இதெல்லாம் சரி, மாயாவியிடமே ஒரு கவர்ச்சி இருந்ததே, அதைச் சொல்லாமல் அச்சகத்தையும் ரயிலையும் பேசினால் எப்படி என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கவர்ச்சி இருந்தது. சூப்பர்மேனுக்குச் சக்தி வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறது. மாயாவிக்கோ சுவரிலிருக்கும் மின்செருகியிலிருந்து. தாமிரபரணித் தண்ணீரில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கிராமங்களுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஐம்பது, அறுபதுகளில். 1972-இல் பத்து வயதிருந்த பையனுக்கு மின்சாரம் என்பது வீட்டுக்குப் புதிதாக வந்து, பயமும் வியப்பும் இன்னும் தீராத விருந்தாளி. அதைத் தொட்டால் சாவு என்று பெரியவர்கள் மிரட்டிக்கொண்டிருந்தபோது, தொட்டு மறைகிற ஒருவனைப் புத்தகம் காட்டியது. அந்தச் சக்திக்கும் வரம்பு உண்டு. மறைவு சிறிது நேரமே. கையோ மறையவே மறையாது. பிளாஸ்கோ இந்த வரம்பைத்தான் தூரிகையால் சுரண்டி எடுத்தார். ஆளில்லாத அறை, பாதி இருட்டு, மேசை இழுப்பறை தானாகத் திறக்கிறது, கோப்பின் விளிம்பில் நான்கு உலோக விரல்கள். கதவுப்பக்கம் காவலாளியின் நிழல். முழுக் கருப்பும் முழு வெள்ளையுமாக, அடர்ந்த மையில் வரைந்த அந்தப் படங்கள் மட்டமான தாளிலும் சிதையாமல் நின்றன. அமெரிக்க நாயகர்களின் வண்ணப் பக்கங்களை அதே செலவில் அச்சிட்டிருந்தால் அப்பிப்போயிருக்கும். ஆனால் இந்தக் கவர்ச்சி எல்லாம் இங்கிலாந்துப் பையனுக்கும் கிடைத்ததுதானே? அவன் கண்ட படமும் இதே படம்தான். இரண்டு இடத்திலும் இருந்த ஒன்றைக் காட்டி, ஓர் இடத்தில் மட்டும் நடந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது. கவர்ச்சி வாசகனைப் பிடித்தது. பிடித்தவனை ஐம்பது ஆண்டு விடாமல் வைத்திருந்தது புத்தகம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எல்லாம் இரவல் சரக்கு. லண்டனில் விலைக்கு வாங்கிய படத்தில் தமிழை ஒட்டியதற்கா இத்தனை பக்கம்? அந்த இடத்தில் ஒரு தமிழ் ஓவியன், ஒரு தமிழ் நாயகன் வளர்ந்திருக்கக் கூடாதா? இதை என்னால் முழுதாக மறுக்க முடியாது. நூறு பக்கத்துக்கு மேல் புதிதாக வரையச் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே வரைந்து முடித்த படங்களின் உரிமை மிக மலிவு. அந்த மலிவோடு எந்த உள்ளூர் ஓவியனாலும் மல்லுக்கட்ட முடியாது. ‘தினத்தந்தி’யில் சிந்துபாத்தின் ‘கன்னித்தீவு’ நாளொரு கீற்றாக ஓடியது. வாண்டுமாமா போன்றோர் சிறுவர் இதழ்களில் படக்கதைகள் எழுதினார்கள். தனிப்புத்தக வடிவில் அவற்றுக்கு இணையான பாட்டை அமையவில்லை. ஆனால் இரவல் என்பதாலேயே இங்கே வேலை எதுவும் நடக்கவில்லை என்பது தவறு. ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்து வரைந்த பலூனுக்குள் தமிழ் வாக்கியத்தை அடக்குவது எளிய காரியமல்ல. சுருக்கு, ஆனால் பேச்சு பேச்சாக இருக்கட்டும் என்ற கட்டாயம், மாயாவிக்கென்று ஒரு விறைப்பான தமிழையே உருவாக்கிவிட்டது. அட்டைப்படத்திலோ உள்ளூர்க் கையே முன்னால் நின்றது. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் சிவகாசிக் காலண்டர்களுக்காக முருகனையும் லட்சுமியையும் வரைந்து ஒரு வண்ணப் பழக்கத்தை இந்தப் பகுதிக்கு ஏற்படுத்தியிருந்தார்கள். அழுத்தமான சிவப்பு, எரியும் மஞ்சள், முகத்தில் ஒரு பளபளப்பு. காமிக்ஸ் அட்டைகளின் வண்ணம் அந்தப் பழக்கத்துக்குத்தான் உறவு. லண்டன் மூலத்துக்கு அல்ல. பாரிங்கரின் உதவியாளன் சிவகாசி அட்டையில் கொஞ்சம் நம்மூர்ச் சினிமா கதாநாயகன் ஜாடையில் தெரிவது தற்செயல் அல்ல. அன்றியும் இரவல் என்பது இந்தத் தொழிலின் உலக நடைமுறை. பிளாஸ்கோவின் சொந்த நாடான ஸ்பெயினுக்கே இந்தக் கதை லண்டன் வழியாகத்தான் திரும்பிப் போயிற்று. 1938-இல் சூப்பர்மேனை உலகுக்குத் தந்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், அந்த உரிமையை நண்பரோடு சேர்ந்து 130 டாலருக்கு விற்றுவிட்டு, அறுபதுகளில் ‘லயன்’ வார இதழுக்காகப் பெயரில்லாமல் ‘ஸ்பைடர்’ கதைகளை எழுதினார். அந்த ஸ்பைடரும் பின்னால் சிவகாசிக்குத்தான் வந்து சேர்ந்தான். சூப்பர்மேனின் தகப்பன் எழுதியதைத் தென்காசியில் படித்தவர்கள், எழுதியது யாரென்று அறியாமலே படித்தார்கள்.

குற்றாலத்தை வைத்துக்கொண்டு காமிக்ஸ் பேசலாமா என்று முகம் சுளிப்போருக்கும் ஒரு சொல். இந்தச் சீமையின் இலக்கியப் பெருமையை யாரும் குறைக்கவில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். அதற்குப் பரிசாக மதுரை நாயக்கர் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது தமிழ்நாட்டின் பெரிய மனிதர்கள் அவர் வீட்டுத் திண்ணை தேடி வந்தார்கள். அவை சுவையின் வரலாறு. இந்தத் தொடர் அச்சின் வரலாறு. யார் உயர்ந்ததைப் படித்தார்கள் என்பதைக் கேட்டு அது நின்றுவிட முடியாது. எத்தனை கை மாறியது, யார் காசில் மாறியது என்றும் கேட்டாக வேண்டும். குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்களில் திருவிளையாடல் படங்கள் இருப்பதைக் காட்டி, படக்கதை நம் மண்ணின் மரபு என்று முடிச்சுப் போட ஆசை வரும். எனக்கு அந்த ஆசை இல்லை. சுவரோவியம் வேறு, அச்சுப்படம் வேறு; இரண்டுக்கும் நடுவே பாலம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. மாயாவிக்குப் பூர்வீகப் பெருமை தேவையும் இல்லை.

அவனுக்கு இருந்தது சந்தை மதிப்பு. மாயாவி என்ற பெயர் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதற்குப் பதிப்பு உலகமே சாட்சி. முல்லை தங்கராசன் பின்னர் நடத்திய இதழ் ஒன்றுக்கு ‘மாயாவி காமிக்ஸ்’ என்றே பெயர். லீ ஃபாக்கின் முகமூடி நாயகன் இந்திரஜால் காமிக்ஸில் வேதாளர் என்று பல ஆண்டு வழங்கியவன். தினத்தந்திக் குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ அவனை எடுத்தபோது, மாயாவி என்றே பெயரிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் போகும் வித்தை அவனிடம் துளியும் கிடையாது. இருந்தும் அந்தப் பெயர் அட்டையில் இருந்தால் விற்கும் என்று போட்டிப் பதிப்பாளரே கணக்குப் போட்டார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த வாசகரும் தர முடியாது.

எஞ்சியிருப்பது ஏக்கம் என்ற மறுப்பு. நடுவயது ஆண்கள் தங்கள் பள்ளிப் பருவத்தை விலைக்கு வாங்குகிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள். இன்றைய வாசகர் கூட்டத்தைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏக்கம் பதிப்பின் விளைவே தவிரக் காரணம் அல்ல. வல்கன் இதழின் சிறுவர்களுக்கும் இன்று வயதாகிவிட்டது. அவர்களுடைய ஏக்கத்துக்குப் பெரிய சந்தை உருவாகவில்லை. டைட்டன் பதிப்பகம் 2005-இல் ஓர் அழகான தொகுப்பு போட்டது. பிறகு பழைய ஃப்ளீட்வே உரிமைகளை ரெபெல்லியன் நிறுவனம் 2016-இலும் 2018-இலுமாக வாங்கிச் சேர்த்து, அதன் பின்னரே இரும்புக்கையின் கதைகள் ஆங்கிலத்தில் முறையாகத் தொகுக்கப்படத் தொடங்கின. சிவகாசியில் இந்த இடைவெளி இல்லை. அதே கதைகளைத் தலைமுறைக்கு ஒருமுறை மறுபதிப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்கென்றே ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற தனி வரிசை ஓடியது. விற்பனை வழிதான் அடியோடு மாறிவிட்டது. 2012-இல் புதுப் பொலிவோடு திரும்பியபின், சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் கூரியரும் இணைய விற்பனையுமே பிரதான வழிகள். தாள் உயர்ந்தது, வண்ணம் வந்தது, டெக்ஸ் வில்லரும் லார்கோ வின்ச்சும் முன்வரிசைக்கு வந்தார்கள், விலையும் அதற்கேற்ப ஏறியது. 2022-இல் முத்து காமிக்ஸுக்கு வயது ஐம்பது. ஆனால் தென்காசிப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பையன் தற்செயலாக அதைப் பார்த்து வாங்குகிற வழி அடைபட்டுவிட்டது. தெரிந்தவர்கள் மட்டும் வாங்கும் பொருளாக அது சுருங்கியதில் பதிப்பாளரின் பிழையைவிடப் பெட்டிக்கடைகள் புத்தகத்தைக் கைவிட்டதன் பங்கு அதிகம்.

இந்தச் சுருக்கத்தின் கதையைச் சரியாகச் சொல்ல 1984-க்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில், ஒரே மாதத்தில், இரண்டு புதிய காமிக்ஸ்கள் தமிழில் பிறந்தன. ஒன்று, சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் ஆசிரியராகிச் சிவகாசியிலிருந்து தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’. மாடஸ்டி பிளைசியை முன்னிறுத்திப் புறப்பட்டது. மற்றொன்று, தினத்தந்தியின் விற்பனை வலைப்பின்னல் முழுவதையும் முதுகில் வைத்துக்கொண்டு ஜேம்ஸ் பாண்டோடு வந்திறங்கிய ‘ராணி காமிக்ஸ்’. ஒருவரிடம் கதைகள் இருந்தன, இன்னொருவரிடம் கடைகள் இருந்தன. அந்தப் போட்டியைத் தென்காசி வட்டாரத்து ஏஜெண்டுகள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அடுத்த இதழில்.